பழைய டிராக்டருக்கு பவர் ஸ்டியரிங்: முதல்ல முன் அச்சைப் பாருங்க



சேத்து உழவு நெருங்கினாலே எங்க பக்கம் டீக்கடைப் பேச்சு டிராக்டர் பக்கம் திரும்பிடும். இந்த வருஷம் எல்லார் வாயிலயும் ஒரே கேள்விதான். பழைய வண்டிக்கு பவர் ஸ்டியரிங் போடலாமா, வேண்டாமா? யூடியூப்ல வீடியோ பார்த்துட்டு வர்றாங்க. ஒரு விரல்ல ஸ்டியரிங்கைச் சுத்திக் காட்டுறாங்க. பார்த்தா யாருக்கும் ஆசை வரும்தான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். தாராளமா போடலாம். ஆனா முன் அச்சு வேலையை முடிக்காம போடாதீங்க. அஸ்திவாரம் ஆடுற வீட்டுக்குத் தரையில மார்பிள் போடுற வேலை அது. ஏன் இப்படிச் சொல்றேன்னு கொஞ்சம் விளக்கமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

பவர் ஸ்டியரிங் ஆடம்பரம்னு சொல்ற பெரியவங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. "நாங்க எல்லாம் கையாலயே திருப்பலையா?"ன்னு கேப்பாங்க. அவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: இப்ப வண்டியில உக்காந்து ஓட்டுறது யாரு? பெரும்பாலான வீட்ல சொந்தக்காரர் வரப்புல குடை பிடிச்சுகிட்டு நிக்கிறார். டிரைவர்தான் காலையில ஆறு மணியில இருந்து சேத்துல சுத்துறார். எங்க ஊர்ல டிராக்டர் ஓட்டுற ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு ஐம்பது வயசு தாண்டிருச்சு. தோள்பட்டை வலி, மணிக்கட்டு வலி இல்லாத ஆளே இல்லை. இளவட்டப் பசங்க பழைய வண்டின்னா ஏறவே மாட்டேங்கிறாங்க. வண்டி "நல்லாத்தான் ஓடுது"ன்னு சொல்றவர் அதை எப்ப கடைசியா ஒரு முழு நாள் ஓட்டினார்னு கேட்டுப் பாருங்க. ஸ்டியரிங் லேசானா வீட்டுப் பொம்பளைங்களும் வண்டி எடுப்பாங்க. அதனால இதை ஆடம்பரம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா ஸ்டியரிங் ஏன் கனமா இருக்குன்னு தெரிஞ்சுக்காம மருந்து போடக் கூடாது.

நம்ம டூ வீல் டிரைவ் டிராக்டருக்கு முன்னாடி கார் மாதிரி ஸ்பிரிங் எல்லாம் கிடையாது. இஞ்சினுக்கு முன்னாடி நடுவுல ஒரு பெரிய பின். அதுல முன் அச்சு தராசு மாதிரி மேலயும் கீழயும் ஆடும். ஒரு சக்கரம் வரப்பு மேல ஏறினா இன்னொண்ணு பள்ளத்துல இறங்கும், வண்டி நாலு கால்லயும் நிக்கும். அந்த நடுப் பின்னும், முன் டயர்ல உள்ள காத்தும்தான் நமக்கு சஸ்பென்ஷன். அச்சோட ரெண்டு முனையிலயும் கிங் பின் இருக்கு. அதைச் சுத்தி புஷ்ஷு, வண்டியோட முன் பாரம் வந்து உக்கார்ற இடத்துல ஒரு த்ரஸ்ட் பேரிங். கிங் பின் தலையில ஸ்டியரிங் ஆர்ம், அதுல இருந்து ராடு, ராடு முனையில பந்து மாதிரி எண்டு. கடைசியா ஸ்டியரிங் பாக்ஸ். இவ்வளவுதான் மொத்தமே.

சேத்து உழவுல இந்த முன் அச்சு முழுக்கத் தண்ணியில கிடக்கு. சேத்துத் தண்ணி புஷ்ஷுக்குள்ள போகும், கிரீஸ் வெளிய வரும், உள்ள மண்ணு தங்கும். அந்த மண்ணு உப்புத்தாள் மாதிரி பின்னைத் தேய்ச்சுரும். த்ரஸ்ட் பேரிங் துருப் பிடிச்சுட்டா, டன் கணக்குல உள்ள வண்டியோட முன் பாரத்தைத் துருவு மேல வச்சு டிரைவர் கையால திருப்புறார்னு அர்த்தம். அப்புறம் கனமா இல்லாம எப்படி இருக்கும்?

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கே வேணாம். வண்டியைச் சமதரையில நிறுத்தி, பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வச்சுட்டு, முன்னாடி நடுவுல ஜாக்கி போட்டுத் தூக்குங்க. கீழ மரக்கட்டை அடை கொடுத்துருங்க, ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. இப்ப ஸ்டியரிங்கைச் சுத்திப் பாருங்க.

சக்கரம் ஆகாயத்துல இருக்கும்போதும் கனமா இருந்தா, நோய் கிங் பின்லயோ, த்ரஸ்ட் பேரிங்லயோ, ஸ்டியரிங் பாக்ஸ்லயோ இருக்கு. தூக்கினப்ப லேசா இருந்து தரையில மட்டும் கனமா இருந்தா, டயர் காத்து கம்மி, டயர் அளவு பெருசு, முன்னாடி பாரம் அதிகம், இதுல ஏதோ ஒண்ணு.

அப்படியே சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா சக்கர பேரிங் இல்லேன்னா கிங் பின் புஷ்ஷு. ஆட்டும்போது இன்னொருத்தரைக் குனிஞ்சு பாக்கச் சொன்னா எந்த இடம் அசையுதுன்னு கண்ணுக்கே தெரியும். அப்புறம் இடதும் வலதுமா பிடிச்சு ஆட்டுங்க. அதுல ஆட்டம்னா பெரும்பாலும் ராடு எண்டு. கடைசியா ஒரு கடப்பாரையை நடு அச்சுக்குக் கீழ கொடுத்து நெம்பிப் பாருங்க. நடுப் பின் புஷ்ஷு போயிருந்தா 'டொக்'னு சத்தம் வரும்.

இதுல ரெண்டு மூணு இடத்துல ஆட்டம் உள்ள வண்டிக்கு பவர் ஸ்டியரிங் போட்டா என்ன ஆகும்? இங்கதான் விஷயமே இருக்கு.

கை ஸ்டியரிங்ல ராடு எண்டு லூசானா டிரைவருக்கு உடனே தெரியும். வட்டு ஆடும், கல்லுல ஏறினா கையை வெட்டும். அதனாலதான் அந்தக் காலத்து ஆளுங்க "கட்டை விரலை உள்ள விடாதே"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க, அந்த வெட்டுல விரலே ஒடிஞ்சிரும். அந்த வெட்டு கஷ்டம்தான், ஆனா அது ஒரு எச்சரிக்கையும் கூட. ஆயில் அழுத்தத்துல ஓடுற ஸ்டியரிங்ல அந்த வெட்டு கைக்கு வராது. எண்டு கழண்டு விழுற நிலையில இருந்தாலும் வட்டு வெண்ணெய் மாதிரி சுத்தும்.

இன்னொண்ணும் இருக்கு. கை ஸ்டியரிங்ல வண்டி நின்ன இடத்துல சக்கரத்தைத் திருப்ப நம்மால முடியாது, கொஞ்சம் நகர்த்திதான் திருப்புவோம். பவர் ஸ்டியரிங் வந்ததும் எல்லாரும் செய்யிற முதல் வேலை நின்ன இடத்துலயே முழுசா ஒடிக்கிறது. அந்த வேகம் முழுக்க ராடு, எண்டு, ஆர்ம், கிங் பின் மேலதான் இறங்குது. மனுஷன் கை பலத்துக்குப் பழகின, ஏற்கெனவே தேஞ்ச சாமானை சிலிண்டர் வச்சுத் தள்ளுறோம். அதனாலதான் சொல்றேன், முன் அச்சு முதல்ல.

எங்க பக்கத்து ஊர்ல நடந்ததைச் சொல்றேன். ஒரு பட்டறையில ஸ்டியரிங் ஆர்மை அறுத்து, நீளம் கூட்டி வெல்டு வச்சு சிலிண்டர் மாட்டிக் கொடுத்தாங்க. ஆறு மாசம் ஜோரா ஓடுச்சு. ஒரு நாள் வாய்க்கால் கரையில வைக்கோல் ஏத்தி வரும்போது வெல்டு விட்ட இடத்துல ஆர்ம் ஒடிஞ்சு, ஒரு சக்கரம் ஒரு பக்கம், இன்னொண்ணு இன்னொரு பக்கம். நல்ல வேளை கரைக்கு உள்பக்கம் வயல்ல இறங்குச்சு. வாய்க்கால் பக்கம் சாஞ்சிருந்தா அந்தத் தம்பியை நாம இன்னிக்குப் பார்த்திருக்க முடியாது. பழைய வண்டியில தலைக்கு மேல கம்பிக் கூண்டும் கிடையாது, சீட் பெல்ட்டும் கிடையாது. ஸ்டியரிங் ஆர்ம், கிங் பின் எல்லாம் அடிச்சு வார்த்து, சூடு பக்குவம் பண்ணின இரும்பு. அதுல வெல்டிங் வச்சா வச்ச இடத்துக்குப் பக்கத்துல பக்குவம் போயிரும், கீறல் அங்கதான் ஆரம்பிக்கும். அந்தச் சாமான்ல அறுப்பு, வெல்டிங் ரெண்டும் கூடவே கூடாது. நீளம் பத்தலைன்னா அதுக்குன்னு செஞ்ச ஆர்மை வாங்கி மாட்டுங்க.

இன்னொரு பழக்கம், முன் சக்கர ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலம் கூட்டுறது. பார்க்க வண்டி பந்தாவா நிக்கும். 6.00-16 டயர் இருந்த இடத்துல 7.50-16 போடுறதும் உண்டு. சக்கரம் தரையைத் தொடுற இடம் கிங் பின்னை விட்டு எவ்வளவு வெளிய போகுதோ, அவ்வளவு நீளமான கைப்பிடி வச்சு தரை நம்ம ஸ்டியரிங்கைத் திருப்புதுன்னு அர்த்தம். கல்லுல ஒரு அடி பட்டா வட்டு பிடுங்கிட்டுப் போகும். பேரிங்குக்கும் கேடு. ரிம்மைத் திருப்பிப் போட்டுட்டு "ஸ்டியரிங் கனமா இருக்கு, பவர் போடணும்"னு சொல்றவங்களைப் பார்த்தா சிரிப்புதான் வருது. ரிம்மைப் பழையபடி போடுங்க, பாதி வியாதி தீரும்.

அமெரிக்காவுல இருக்குற என் மச்சான் மகன் அங்க பழைய கார் பைத்தியம். 1960-கள்ல வந்த மஸ்டாங், கமாரோ மாதிரி பெரிய இஞ்சின் போட்ட கார்களை 'மசில் கார்'னு சொல்றாங்க. நேரா ஓடுறதுல புலி, வளைவுல எருமை. ஸ்டியரிங் பல சுத்து சுத்தினாத்தான் திரும்பும். அதுக்கு முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் மாத்துறதுக்குன்னே அங்க ஒரு தொழில் நடக்குது. அவன் சொன்னதுல ரெண்டு விஷயம் எனக்குப் பிடிச்சது.

ஒண்ணு, பெரிய மாத்தம் எல்லாம் பெரிய செலவு இல்லை. 1965-ல கரோல் ஷெல்பி, மஸ்டாங்கை ஜிடி 350-ன்னு மாத்தினப்ப முன் சக்கரத்தோட மேல் ஆர்ம் மாட்டுற ஓட்டையை ஒரு இஞ்ச் கீழ இறக்கினார். வளைவுல சக்கரம் சாயாம நிக்க அது உதவிச்சு. இன்னிக்கும் பழைய மஸ்டாங் வச்சிருக்கவங்க முதல்ல செய்யிற வேலைகள்ல அது ஒண்ணு. புது சாமான் வாங்குறதுக்கு முன்னாடி இருக்குற சாமான் சரியான இடத்துல இருக்கான்னு பாக்குறாங்க.

ரெண்டாவது, கார் குண்டு குழியில ஏறி இறங்கும்போது சக்கரம் ஒரு வட்டத்துல ஏறுது, ஸ்டியரிங் ராடு வேற வட்டத்துல ஏறுது. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா, வட்டை நேரா பிடிச்சிருந்தாலும் சக்கரம் தானா திரும்பும். புது ஸ்டியரிங் மாட்டுறவங்க அங்க அதிகம் மாட்டிக்கிறது இதுலதானாம். நம்ம டிராக்டருக்கும் இது அச்சு அசலா பொருந்தும். பவர் சிலிண்டரோட ஒரு முனையை இஞ்சின் பாடியிலயும், மறு முனையை ஆர்ம்லயும் மாட்டினா, முன் அச்சு வரப்புல ஏறி ஆடும்போது சிலிண்டர் தானா சக்கரத்தைத் திருப்பும். சிலிண்டரை முன் அச்சு மேலயே மாட்டிட்டா அச்சு ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடும், தொந்தரவு இல்லை. பட்டறைக்காரர்கிட்ட நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "சிலிண்டரை எதுல மாட்டுறீங்க?"

மத்த கேள்விகளையும் சொல்லிடுறேன்.

பழைய மாஸி ஃபெர்குசன் மாதிரி வண்டிகள்ல ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் தனித்தனி ஆர்ம், தனித்தனி ராடு போகும். ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து வச்சிருக்கிறதே அந்த பாக்ஸ்தான். பாக்ஸை எடுத்துட்டு ஒரு சிலிண்டர் மட்டும் போட்டா, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல பலமான டை ராடு ஒண்ணு கட்டாயம் வேணும். வளையும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தை விட அதிகமா திரும்பணும், அதுக்கு ஏத்த கோணத்துல ஆர்ம் இருக்கணும். இல்லேன்னா டயர் அரைச்சுகிட்டே திரும்பும்.

ஆயில் எங்க இருந்து வருது? லிஃப்ட் பம்புல இருந்து ஒரு கிளை எடுத்துக்கலாம்னு சிலர் சொல்வாங்க. ஃபெர்குசன் வகை லிஃப்ட் பம்பு தேவைப்படும்போது மட்டும் ஆயிலை உறிஞ்சுற அமைப்பு. ஸ்டியரிங்குக்கு எந்நேரமும் ஆயில் ஓடிகிட்டே இருக்கணும். அதனால இஞ்சின்ல இருந்து ஓடுற தனி பம்பு வேணும்.

சிலிண்டர் ஒரு பக்கம் மட்டும் ராடு உள்ளதா, ரெண்டு பக்கமும் உள்ளதா? ஒரு பக்க ராடுன்னா இடது திருப்ப ஒரு கணக்கு, வலது திருப்ப வேற கணக்கு சுத்து வரும். பழகிக்கலாம், ஆனா தெரிஞ்சு வாங்குங்க. ஆயில் அழுத்தம் எவ்வளவுல வச்சிருக்காங்கன்னும் கேளுங்க. "கொஞ்சம் ஏத்தி வச்சா இன்னும் லேசா இருக்கும்"னு திருகி விடுற பட்டறை உண்டு. ஏத்தினா ராடு வளையும்.

முக்கியமா ஓஸ். முழு ஹைட்ராலிக் ஸ்டியரிங்ல வட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இரும்புத் தொடர்பே கிடையாது, ஆயில் மட்டும்தான். இஞ்சின் அணைஞ்சா கூட பலம் போட்டுத் திருப்பலாம். ஆனா ஓஸ் வெடிச்சு ஆயில் கொட்டிட்டா திருப்ப முடியாது. அதனால ஓஸ்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க. சைலன்சர் பக்கத்துல போகக் கூடாது, எங்கயும் உரசக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை கையால தடவிப் பாருங்க.

பழைய கார்ல கழட்டின எலெக்ட்ரிக் ஸ்டியரிங் மோட்டாரைப் போடுறவங்களும் இருக்காங்க. இதுல இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும், அது நல்லதுதான். ஆனா அந்த மோட்டார் திருப்பும்போது இழுக்குற கரண்டுக்கு நம்ம பழைய டைனமோவும் பேட்டரியும் தாங்காது. சேறும் தண்ணியும் படுற இடத்துல கார் ஒயரிங் எத்தனை நாள் தாங்கும்னு நீங்களே யோசிங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை.

பவர் ஸ்டியரிங் தீர்க்காத விஷயமும் இருக்கு. பின்னாடி டிரெய்லர்ல கரும்பையோ செங்கல்லையோ அளவுக்கு மேல ஏத்தினா முன் சக்கரம் தரையில பட்டும் படாம போகும். சேத்துல கேஜ் வீல் போட்டு ஓட்டும்போது முன் டயர் சறுக்கும், இடது வலது பிரேக்கைத் தனியா மிதிச்சுத்தான் திருப்புறோம். பிடி இல்லாத சக்கரத்தை எவ்வளவு லேசா திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும். அதுக்கு மருந்து முன்னாடி வெயிட்டு, பின்னாடி அளவான பாரம், பாலத்துல மெதுவா ஏறுறது. ஸ்டியரிங் லேசாயிருச்சேன்னு வேகத்தைக் கூட்டினா இருந்த ஆபத்து ரெண்டு மடங்கு.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லணும். டிராக்டரும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உள்ள வர்ற வண்டிதான். அந்தச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, விதியை மீறி மாத்தினா சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா ரெண்டும்னு இருக்கு. உங்க மாடலுக்குக் கம்பெனியே பவர் ஸ்டியரிங் சாமான் கொடுத்தா அதையே தேர்ந்தெடுங்க. இல்லேன்னா வேலையை ஆரம்பிக்கும் முன்னாடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துல எழுதிக் கேட்டு, எழுத்துலயே பதில் வாங்குங்க. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல தேடுறது இதைத்தான்.

"இவ்வளவு தொல்லைக்கு வித்துட்டுப் புது வண்டி வாங்கலாமே"ன்னு கேப்பீங்க. கடன் வாங்க வசதி இருந்தா வாங்குங்க, நான் தடுக்கலை. ஆனா மூணு ஏக்கர், நாலு ஏக்கர் வச்சிருக்கவருக்குக் கடன் முடிஞ்ச பழைய வண்டிதான் பலம். ஊர்லயே சாமான் கிடைக்குது, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிட்டுப் பிரிப்பார். அந்த வண்டியை இன்னும் பத்து வருஷம் ஓட்டுறது கஞ்சத்தனம் இல்லை, கணக்குதான்.

அதனால நான் சொல்ற வரிசை இது. முதல்ல ஜாக்கி போட்டுச் சோதனை. அப்புறம் கிங் பின், புஷ், த்ரஸ்ட் பேரிங், ராடு எண்டு, நடுப் பின் புஷ், எது தேஞ்சிருந்தாலும் மாத்துங்க, ஸ்பிளிட் பின்னைப் புதுசா போடுங்க. டயர் காத்து, ரிம் சரி பண்ணுங்க. முன் டயரோட முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் சக்கர மையத்து உயரத்துல டேப் வச்சு அளந்து, வண்டி புத்தகத்துல உள்ளபடி டோ இன் வைங்க. சேத்து உழவு நாள்ல சாயங்காலம் பழைய கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் புது கிரீஸ் அடிங்க. இந்தச் செலவு எல்லாம் சேர்த்தாலும் பவர் ஸ்டியரிங் செலவுல ஒரு சின்னப் பங்குதான்.

இதைச் செஞ்சு ஒரு வாரம் ஓட்டுங்க. நிறைய வண்டி அதோடயே லேசாயிரும், காசு மிச்சம். அப்பவும் கனமா இருந்தா, முன்னாடி டோசர் மாட்டி வேலை செய்யிறீங்கன்னா, டிரைவருக்கு வயசாச்சுன்னா, யோசிக்காம பவர் ஸ்டியரிங் போடுங்க. போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றப்ப மட்டும் வரப்புல குடை பிடிக்கிறவரை விட்டுட்டு, சீட்டுல உக்கார்றவரை முதல்ல கேளுங்க. அவர் கைக்குத்தான் தெரியும்.